ஆறு மாசம் ஓட்டிப் பாத்த ஜிக்ஜாக் மெஷினும் ஜனவரியில எழுதி வெச்ச தையல் லிஸ்ட்டும்

ஜனவரி 1 காலைல என் ஸ்கூல் டைரியோட கடைசிப் பக்கத்துல ஏழு வரி எழுதி வெச்சேன், இந்த வருஷத்துக்குள்ள தைச்சு முடிக்க வேண்டியது அத்தனையும். அதுக்கு நாலு நாள் முன்னாடிதான் பொள்ளாச்சியில ஒரு கடையில நேர் தையலோட வளைஞ்சு வளைஞ்சு போற தையலும் போடற இந்த ஜிக்ஜாக் மெஷினை எடுத்தோம், 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மியா வந்துச்சு, சீட்டு எடுத்த பணம். அதனால மெஷின் எப்படின்னு சொல்றதும் அந்த ஏழு வரியில எவ்வளவு முடிஞ்சதுன்னு சொல்றதும் எனக்கு ஒரே கணக்குதான். இப்ப ஜூலை, பாதி வருஷம் போயிருச்சு, வாங்கலாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்கு உதவும்னு ரெண்டையும் சேத்தே எழுதறேன்.

கம்பெனி பேரு எழுதல. இந்த விலைக்கு வர்ற மெக்கானிக்கல் ஜிக்ஜாக் மெஷின் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான், நான் சொல்றது எதை வாங்கினாலும் பொருந்தும். ஏழு கிலோ வெயிட், நேர் தையல், மூணு அகலத்துல ஜிக்ஜாக், நீட்டிச் சுருங்கற தையல் ரெண்டு, நாலு ஸ்டெப்ல காஜா (பட்டன் ஓட்டை) எடுக்கற வசதி, சின்னதா ஒரு எல்ஈடி லைட்டு. காலுக்கு ஒரு பெடல். அவ்வளவுதான், திரை கிரை எதுவும் இல்ல.

நாங்க இருக்கறது கொழிஞ்சாம்பாறை பக்கம். ஜில்லா பாலக்காடு, ஆனா வீட்டுல, சந்தையில, நான் பாடம் எடுக்கற ஸ்கூல்ல எல்லாம் தமிழ்தான். துணி எடுக்கணும்னா பொள்ளாச்சி இல்லேன்னா கோயமுத்தூர், கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும் கேரளா. இதை ஏன் சொல்றேன்னா மெஷின் ரிப்பேர் ஆனப்ப இந்த விஷயம்தான் என்னைப் பாடாப் படுத்துச்சு, அதுக்குப் பின்னாடி வர்றேன்.

எங்கிட்ட ஏற்கனவே ஒரு மிதி மெஷின் இருக்கு, அம்மா கல்யாணத்துக்குக் குடுத்தது, கருப்பு கலர், மேல தங்கக் கலர்ல பூ போட்டது, நேர் தையல் மட்டும். அதுல 12 வருஷமா பாவாடை, தலகாணி உறை, நைட்டி, பொண்ணுக்கு ஃபிராக்குன்னு தைச்சுப் பழகினவதான் நான். ஆனா உள்பக்கம் எப்பவும் பிசிறு தொங்கும், ரெண்டு தடவ துவைச்சா நூல் நூலா வரும், வெளிய நல்லா இருக்கும் திருப்பிப் பாத்தா பாக்க முடியாது. அதனால லிஸ்ட்டோட முதல் வரியே, இனிமே தைக்கற எதுலயும் உள்பக்கம் பிசிறு இருக்கக் கூடாதுங்கறதுதான். இந்த ஒரு வரிக்காகத்தான் மெஷினே வாங்கினேன்னு சொல்லலாம்.

முதல் வாரம் நல்ல அனுபவம் இல்ல. ரெண்டு இஞ்ச் தைச்சதும் துணிக்கு அடியில நூல் எல்லாம் குருவிக்கூடு மாதிரி சுத்திக்கும், துணியை இழுத்தா வராது, கத்தரியால வெட்டித்தான் எடுக்கணும். அடி நூல் சுத்தி வெச்சிருக்கற பாபின் சரியில்லன்னு நினைச்சு பாபினையே பத்து தடவ கழட்டி மாட்டினேன், நூல் இறுக்கத்துக்கான டென்ஷன் நம்பரைத் திருகித் திருகிப் பாத்தேன். கடைசியில புக்லெட்டை முதல்லேருந்து எழுத்து எழுத்தாப் படிச்சப்பதான் புரிஞ்சது. நூல் கோக்கும்போது துணியை அமுத்திப் பிடிக்கற ஃபுட்டைத் தூக்கி வெச்சுட்டுக் கோக்கணும். ஃபுட் கீழ இருந்தா டென்ஷன் தட்டு ரெண்டும் ஒட்டி மூடிக்கும், நூல் அதுக்கு நடுவுல போய் உக்காராம மேலயே நிக்கும், அப்ப மேல் நூலுக்குப் பிடிமானமே இருக்காது, அத்தனையும் அடியில போய்ச் சேந்துக்கும். அடியில கூடு கட்டுச்சுன்னா தப்பு மேல் நூல்ல, மேல பாபின் நூல் எட்டிப் பாத்துச்சுன்னா மேல் டென்ஷன் டைட்டு இல்லேன்னா பாபின் லூசு. இந்த ரெண்டை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா பாதி மெக்கானிக் செலவு மிச்சம். என் மிதி மெஷின்ல ஊசிக்கு நூலைப் பக்கவாட்டுல கோப்போம், இதுல முன்னாடியிருந்து பின்னாடி, ஊசியோட தட்டைப் பக்கம் பின்னாடி பாத்து இருக்கணும், அதையும் முதல் நாள் மாத்தி மாட்டிட்டுத்தான் தையல் விட்டு விட்டு வருதேன்னு தேடினேன்.

அது சரியானதுக்கு அப்புறம் பிசிறு விஷயம் உண்மையிலேயே தீந்துச்சு. ஜிக்ஜாக் அகலத்தை 5ல வெச்சு, ஊசி ஒரு தடவ துணிக்குள்ள ஒரு தடவ விளிம்புக்குச் சரியா வெளியன்னு விழற மாதிரி ஓட்டினா துணியோட ஓரம் அப்படியே கட்டிக்குது. கடையில அடிக்கற ஓவர்லாக் அளவுக்கு வராது, அதைத் தெளிவாச் சொல்லிடறேன், ஓவர்லாக் மெஷின்ல கத்தி இருக்கு, வெட்டிக்கிட்டே நூலைச் சுத்தும், இது சுத்த மட்டும்தான் செய்யும். மல் காட்டன் மாதிரி மெல்லிசு துணியில ஓரம் சுருட்டிக்கும், அதுக்கு முதல்ல அகலத்தைக் குறைச்சு, ஓரத்துலேருந்து கால் இஞ்ச் உள்ள தள்ளி ஓட்டிட்டு அப்புறம் மிச்சத்தைக் கத்தரிச்சு விட்டுடுவேன். டூ பை டூ, பாப்ளின், நெகமம் காட்டன் இதுக்கெல்லாம் அருமையா நிக்குது. ஜனவரியில தைச்ச பிளவுஸை வாராவாரம் துவைக்கறேன், இன்னிக்கு வரைக்கும் ஒரு நூல் வரல.

ரெண்டாவது வரி, எனக்கே எனக்கு லைனிங் வெச்ச, மார்பு மேல நீளமா வளைஞ்சு தையல் இறங்கற பிரின்சஸ் கட் பிளவுஸ், போட்டா எங்கயும் இழுக்கக் கூடாது, எங்கயும் தொங்கக் கூடாது. இது நாலாவது பிளவுஸ்லதான் வந்துச்சு, மார்ச் கடைசி ஆயிருச்சு. முதல் மூணும் போட முடியாதுன்னு இல்ல, ஆனா கைக்குழிக்கு முன்னாடி, அக்குளுக்கும் மார்புக்கும் நடுவுல, துணி கொஞ்சம் எழும்பி வாயைத் திறந்துட்டே நிக்கும். டெய்லர் கிட்டக் குடுத்த பிளவுஸ்லயும் எனக்கு இந்த இடம் அப்படித்தான் இருக்கும், நம்ம உடம்பு வாகு அப்படின்னு விட்டிருந்தேன். இந்தத் தடவ விடல. பழைய வேட்டியைக் கிழிச்சு அதுல வெட்டி, தையல் நீளத்தை 4ல வெச்சு லூசா ஒட்டி, கண்ணாடி முன்னாடி நின்னு அந்த எழும்பற இடத்தைக் குண்டூசி வெச்சுப் பிடிச்சுப் பாத்தேன். சரியா அரை இஞ்ச். அந்த அரை இஞ்சை அளவு வரைஞ்ச பேப்பர்ல கைக்குழியில மடிச்சு, மடிப்பைப் பிரின்சஸ் லைன் வரைக்கும் கொண்டு போய் அந்தத் தையலுக்குள்ளயே கரைச்சு விட்டேன். இன்னொண்ணும் தெரிஞ்சது, ஷோல்டர்லேருந்து மார்புப் பாயிண்டுக்கு நான் அளவு சார்ட்டைப் பாத்து 10 இஞ்ச் வெச்சிட்டு இருந்தேன், டேப்பை வெச்சு அளந்தா எனக்கு ஒன்பதேகால்தான். முக்கால் இஞ்ச் கீழ போய் வளைவு வந்தா எப்படி உக்காரும். நாலாவது பிளவுஸ் போட்டு அன்னிக்கு ஸ்கூலுக்குப் போனப்ப மலையாளம் டீச்சர் ஒருத்தர், சேச்சின்னுதான் கூப்பிடுவேன், எந்தக் கடையில குடுத்தேன்னு கேட்டாங்க. அன்னிக்கு முழுக்க மனசு நெறஞ்சு இருந்துச்சு.

இதுல மெஷினோட பங்கு என்னன்னு யோசிச்சா, 4ல வெச்சு லூசா ஒட்டறது, பிரிச்சு மறுபடி ஒட்டறது, இதுக்கு இது ரொம்ப லேசு, மிதி மெஷின்ல தையல் நீளத்தை மாத்தறதுக்கே அந்தத் திருகைத் தளத்திட்டு நகத்தணும், சோம்பல் பட்டு அப்படியே அடிச்சிடுவேன். ஆனா அந்த அரை இஞ்ச்சை எந்த மெஷினும் சொல்லாது. 14,000 குடுத்தா ஃபிட்டிங்கும் சேந்து வரும்னு நினைச்சு நிறைய பேர் வாங்கறாங்க, அப்புறம் மெஷின் சரியில்லன்னு மூலையில வெச்சிடறாங்க, அது மெஷின் மேல பழி போடறது. கட்டிங் டேபிள்லயும் இஸ்திரிப் பெட்டியிலயும் தான் பாதி வேலை. லைனிங் பாப்ளினை ராத்திரியே தண்ணில ஊற வெச்சு காயப் போட்டு இஸ்திரி போட்டு வெட்டலேன்னா, முதல் துவைப்புல லைனிங் சுருங்கி மேல் துணி பலூன் மாதிரி நிக்கும், இதை என் ரெண்டாவது பிளவுஸ் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. ஒவ்வொரு தையல் அடிச்சதும் இஸ்திரி, அப்புறம்தான் அடுத்த தையல், இந்த ஒரு பழக்கம் இந்த ஆறு மாசத்துல நான் கத்துக்கிட்டதுலயே பெரிசு.

இப்ப ரிப்பேர் கதை. ஏப்ரல்ல ஸ்கூல் லீவு விட்டதும் தம்பியோட ஜீன்ஸை நீளம் குறைக்க எடுத்தேன். சைடு தையல் வர்ற இடத்துல மடிப்பு மடிப்பா ஆறு ஏழு அடுக்கு சேரும், 14ம் நம்பர் ஊசியை மாத்தாம அப்படியே பெடலை அமுத்திட்டேன், டக்குன்னு ஊசி ஒடிஞ்சது. ஜீன்ஸுக்கு 18 போடணும், அந்த மேட்டுல பெடலை விட்டுட்டு கையால சக்கரத்தைச் சுத்தித்தான் தாண்டணும். புது ஊசி போட்டும் அதுக்கப்புறம் மூணு தையலுக்கு ஒண்ணு விட்டு விட்டு விழ ஆரம்பிச்சது. வாரண்டி இருக்கேன்னு போன் பண்ணினேன். கஸ்டமர் கேர்ல பின்கோடு கேட்டாங்க, 678ல ஆரம்பிக்குதே, அது பாலக்காடு சர்வீஸ்தான் பாக்கணும்னாங்க. பாலக்காட்டுல கேட்டா பில்லு தமிழ்நாட்டுக் கடை போட்டது, அங்கதான் எடுத்துட்டுப் போகணும்னாங்க. கடைக்காரர் கிட்டக் கேட்டா வீட்டுக்கு ஆள் அனுப்பறது கம்பெனி, எங்க கையில இல்லைங்கன்னாரு. இப்படியே 19 நாள். என் லீவுல 19 நாள். வாளையாறுக்கும் கோபாலபுரத்துக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவுல இருக்கற நம்மள மாதிரி எல்லை ஊர் ஆளுங்க மெஷின் வாங்கும்போது ஒண்ணு செய்யுங்க, பணம் குடுக்கறதுக்கு முன்னாடியே உங்க வீட்டுப் பின்கோடைச் சொல்லி, அந்தப் பின்கோடுக்கு யாரு வந்து பாப்பாங்கன்னு பில்லு மேலயே எழுதி வாங்கிக்கோங்க. ஆயிரம் ரூபா கம்மின்னு எல்லை தாண்டி வாங்கினா அந்த ஆயிரத்தை இப்படித்தான் திருப்பிக் குடுக்கணும்.

கடைசியில பாத்துக் குடுத்தது எங்க ஊர்ப் பக்கம் மிதி மெஷின் ரிப்பேர் பாக்கற ஒரு பெரியவர். அண்ணா, இது புது மாடல் ஆச்சே, தெரியுமான்னு தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். ஊசியும் கொக்கியும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கணும், அவ்வளவுதான் கண்ணு, எந்த மெஷினா இருந்தா என்னன்னாரு. அடி மூடியைக் கழட்டி, சக்கரத்தை மெதுவாச் சுத்தி, ஊசி கீழ போய்ட்டு லேசா மேல ஏற ஆரம்பிக்கற அந்த இடத்துல பாபினைச் சுத்தி ஓடற ஷட்டிலோட கொக்கி நுனி ஊசிக்காதுக்குக் கொஞ்சம் மேல வந்து நூல் வளையத்தைப் பிடிக்குதான்னு என்னையே குனிஞ்சு பாக்கச் சொன்னாரு. நுனி வர்றதுக்கு முன்னாடியே ஊசி ஏறிடுச்சு, ஊசி ஒடிஞ்ச வேகத்துல டைமிங் ஒரு மயிரிழை தள்ளிப் போயிருக்கு. ஸ்க்ரூவைத் தளத்தி, திருப்பி, டைட் பண்ணி, மறுபடி சுத்திக் காட்டினாரு, இந்தத் தடவ நுனி போய் வளையத்துக்குள்ள நுழைஞ்சதை நான் கண்ணால பாத்தேன். 350 ரூபா. 12 வருஷமா தைக்கறேன், மேல் நூலும் கீழ் நூலும் எங்க சந்திக்குதுன்னு அன்னிக்குத்தான் பாத்தேன். துணியைத் தள்ளற பல்லுக்கு அடியில விரல் மொத்தத்துக்குப் பஞ்சு அடைச்சிருந்ததையும் எடுத்துக் காமிச்சாரு, விலை குறைஞ்ச நூல் கண்டு போட்டா இப்படித்தான் உதிரும்னு. இப்ப நாலு பாபின் தீந்தா ஒரு தடவ தகட்டைக் கழட்டிப் பிரஷ் போட்டுத் துடைக்கறேன்.

அந்த 19 நாளும் வேலை நிக்கல, மிதி மெஷின் இருந்துச்சு. அதைத்தான் முக்கியமாச் சொல்லணும், புதுசு வாங்கினதும் பழசை எடைக்குப் போட்டுடாதீங்க. பாலக்காட்டு ஏப்ரல் வெயில் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், 40 டிகிரியைத் தொடும், சாயங்காலம் கரண்ட் போகும், ஃபேன் இல்ல, புது மெஷினும் இல்ல, ஆனா வாசல்ல வேப்ப மரத்து நிழல்ல மிதி மெஷினைப் போட்டுட்டா ராத்திரி இருட்டற வரைக்கும் தைக்கலாம். யந்திரங்களை அவ்வளவு கேள்வி கேட்ட காந்தியே தையல் மெஷினை வேணும்னு சொன்னாரு, 1924ல எல்லா யந்திரத்துக்கும் நீங்க எதிரியான்னு அவர்கிட்டக் கேட்டவர் சாந்திநிகேதன்ல படிச்ச ஜி. ராமச்சந்திரன், திருவனந்தபுரத்துக்காரர், பின்னாடி திண்டுக்கல் பக்கத்துல காந்திகிராமத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர். பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அம்மா குடுத்த அந்த மிதி மெஷின் தான் ஞாபகம் வரும். அதுக்கு ஒரு குறை இருந்துச்சு, ரொம்ப இறுக்கமா ஓடும். அதே பெரியவர்தான் காரணம் சொன்னாரு, தேங்காய் எண்ணெய் விட்டிருக்கோம். நம்ம ஊர்ல கைக்கு எட்டறது அதுதான், கீல் கிறீச்சுன்னா அதையே விடறோம், ஆனா மெஷினுக்குள்ள அது நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஆயிடும், மார்கழிக் குளிர்ல உறைஞ்சே போகும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மெஷின் ஆயில் ரெண்டு ரெண்டு சொட்டு விட்டுக் குடுத்தாரு, இப்ப ஒரு விரலால சுத்தினா சக்கரம் சுத்துது.

மூணாவது வரி அப்பாவுக்குச் சட்டை. இதை நினைச்சாலே ஜனவரியில பயமா இருந்துச்சு, காலர் வெச்ச சட்டை நான் தைச்சதே இல்ல. அப்பா வெள்ளை அரைக்கை சட்டை தவிர வேற போட மாட்டாரு, 36 இஞ்ச் பன்னாவுல (துணி அகலம்) ரெண்டேகால் மீட்டர் காட்டன் எடுத்தேன், அவரோட பழைய சட்டை ஒண்ணைத் தையல் தையலாப் பிரிச்சு, அந்தத் துண்டுகளை இஸ்திரி போட்டு பேப்பர்ல வரைஞ்சுக்கிட்டேன். மே முழுக்க அந்த ஒரு சட்டைதான். காலர் விறைப்பா நிக்க ஒட்டற கேன்வாஸை இஸ்திரிப் பெட்டியை இழுக்காம அப்படியே வெச்சு வெச்சு எடுக்கணும், இழுத்தா கேன்வாஸ் நகந்து சுருக்கம் விழுந்துரும். மூலைக்கு ரெண்டு தையல் முன்னாடி நிறுத்தி, தையல் நீளத்தை ஒண்ணரையாக் குறைச்சு, மூலையில நேராத் திரும்பாம குறுக்கா ஒரே ஒரு தையல் போட்டுத் திருப்பினா, வெளிய புரட்டும்போது முனை கூர்மையா வரும், இதைப் பழைய சட்டையைப் பிரிக்கும்போது அந்த டெய்லர் செஞ்சு வெச்சிருந்ததைப் பாத்துக் கத்துக்கிட்டேன், அவர் யாருன்னு கூடத் தெரியாது. மூணு காலர் வீணாச்சு. நாலாவதுல ரெண்டு முனையும் ஒரே மாதிரி வந்தப்ப ராத்திரி பதினோரு மணி, வீட்டுல எல்லாரும் தூங்கிட்டாங்க, நான் மட்டும் அந்தக் காலரைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே உக்காந்திருந்தேன்.

காஜாவுக்குப் புது மெஷின். நாலு ஸ்டெப், ஒரு பக்கம் மேல, முனை, இன்னொரு பக்கம் கீழ, முனை, ஒவ்வொண்ணுக்கும் டயலைத் திருப்பணும். முன்னாடி ஏழு காஜா. நல்லா வருது, ஆனா ரெண்டு பக்கமும் நெருக்கம் ஒரே மாதிரி வராது, வலது பக்கம் கொஞ்சம் அடர்த்தியா விழுது, இது என் மெஷினோட குறையா இருக்கலாம், சின்னத் திருகு ஒண்ணு இருக்கு அதை வெச்சுக் கொஞ்சம் சரி பண்ணலாம். சட்டைத் துணியிலயே, கேன்வாஸும் வெச்சு, நாலஞ்சு காஜா ட்ரையல் போட்டுப் பாக்காம சட்டை மேல போகவே கூடாது. வெட்டும்போது ரெண்டு முனையிலயும் குண்டூசி குத்திட்டு வெட்டுங்க, கத்தி தாண்டிப் போகாது. அப்பா அந்தச் சட்டையைப் போட்டுட்டுத்தான் இப்ப எல்லா வியாழனும் கோயிலுக்குப் போறாரு. கை கொஞ்சம் இறக்கமா இருக்கும்மா, அடுத்ததுல அரை இஞ்ச் குறைச்சுக்கோன்னாரு, டைரியில எழுதி வெச்சிருக்கேன்.

நாலாவது, பனியன் துணி. பாதிதான் ஆயிருக்கு. திருப்பூர் காதர்பேட்டையில கிலோ கணக்குல எடுத்தது, பொண்ணுக்கு வீட்டுல போடற டீ சர்ட்டும் லெக்கின்ஸும். மிதி மெஷின்ல பனியன் துணி தைக்கவே முடியாது, நேர் தையல் போட்டா தலை நுழைக்கும்போது படபடன்னு நூல் அறுந்துரும், துணி நீளும் நூல் நீளாதில்லையா. இங்கதான் இந்த மெஷினுக்குக் குடுத்த காசு தெரியுது. முனை உருண்டையா இருக்கற பால் பாயிண்ட் ஊசி 11ம் நம்பர், ஜிக்ஜாக் அகலம் ஒண்ணுக்குள்ள, நீளம் ரெண்டரை, துணியை இழுக்காம அது போற போக்குல விடணும். சாதா ஊசி போட்டா இழையைக் குத்தி ஓட்டை விழும், துவைச்சா அந்த ஓட்டை ஏணி மாதிரி ஓடும். டீ சர்ட் ரெண்டு முடிஞ்சது, பொண்ணு விடாம போடறா. லெக்கின்ஸ் இன்னும் வரல, கவட்டுல இழுக்குது, அளவு எங்க தப்புன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள ஜூன் 1 ஸ்கூல் திறந்துட்டாங்க. இந்த மெஷின்ல இன்னொரு குறை, ஃபுட் அமுத்தறதைக் குறைக்கற வசதி இல்ல, அதனால பனியன் துணி ஓரம் அலை அலையா வருது. துணிக்கு அடியில நியூஸ்பேப்பர் துண்டு வெச்சுத் தைச்சு அப்புறம் கிழிச்சு எடுத்துடறேன். பனியன் துணிதான் அதிகம் தைப்பீங்கன்னா, அந்தத் திருகு இருக்கற மாடலாப் பாத்து வாங்குங்க.

அஞ்சாவது வரி, ஜூன் வரைக்கும் புதுத் துணி வாங்க மாட்டேன், பெட்டியில இருக்கறதை மட்டும் தைப்பேன். முடியல. பிப்ரவரியில கோயமுத்தூர் ராஜ வீதிக்கு லேஸ் வாங்கப் போனவ ஆறு பிளவுஸ் துணியோட வந்தேன், ரெண்டு இன்னும் அப்படியே இருக்கு. ஆறாவது, துண்டுத் துணி எல்லாம் சேத்து ஒட்டுப் போட்டு ஒரு போர்வை. இதை லிஸ்ட்லேருந்து எடுத்துட்டேன். துண்டு எல்லாம் ஒரே கனமா இல்ல, பட்டு, காட்டன், சிந்தெடிக் எல்லாம் கலந்து கிடக்கு, சேத்துத் தைச்சா துவைக்கும்போது ஒண்ணு சுருங்கி ஒண்ணு சுருங்காம போயிரும், அதோட அத்தனை பெரிய துணியை இந்த மெஷினோட கைக்கு அடியில நுழைச்சுத் திருப்பறதுக்கு இடமும் பத்தாது. காட்டன் துண்டை மட்டும் தனியா எடுத்து கால் துடைக்கற மிதியடியும் பாத்திரம் பிடிக்கற துணியும் தைச்சு அக்கம்பக்கத்துல குடுத்துட்டேன்.

இப்ப கையில இருக்கறது ஏழாவது. ஓணத்துக்கு ஸ்கூல்ல நாலு டீச்சருங்க செட் முண்டுக்கு (கேரளா ரெண்டு துண்டுப் புடவை) பிளவுஸ் கேட்டிருக்காங்க, தைச்சுக் குடுன்னு துணியும் குடுத்தாச்சு, ஒருத்தர் கைத்தறி ஊரான குத்தாம்புள்ளியிலேருந்து எடுத்த கசவுக் கரையைப் பிளவுஸ் கைக்கு வைக்கணும்னு குடுத்திருக்காங்க. கசவுக் கரையில ஜரிகை இருக்கு, அதுக்கு 11ம் நம்பர்ப் புது ஊசி, மழுங்கின ஊசி ஒரு தடவ இழுத்தாலே ஜரிகை எழும்பிடும், பிரிச்சுத் தைக்கற வேலையே கூடாது, ஓட்டை தெரியும். நாலு பேருக்கும் அளவு எடுத்தாச்சு, அந்தக் கைக்குழி விஷயத்தை நாலு பேர்கிட்டயும் பாத்தேன், ரெண்டு பேருக்கு எனக்கு இருக்கற மாதிரியே இருக்கு. காசு வேணாம்னு சொன்னேன், ஒத்துக்கல.

யாரு வாங்கலாம்னு கேட்டா, ஏற்கனவே நேர் தையல் நல்லா வர்றவங்க, உள்பக்கம் சுத்தமா வேணும், பனியன் துணி தைக்கணும், காஜா எடுக்கணும்னு நினைக்கறவங்க தாராளமா வாங்கலாம், எனக்கு இந்த ஆறு மாசத்துல பாதி விலை டெய்லர் கூலியிலயே திரும்பி வந்துருச்சு. தினம் பத்துப் பிளவுஸ் தைச்சு வருமானம் பாக்கணும்னு இருக்கறவங்களுக்கு இது வேணாம், ரெண்டு மணி நேரம் விடாம ஓட்டினா மோட்டார் சூடாகுது, ஒரு அரை மணி நேரம் ஆற விட வேண்டியிருக்கு, அதுக்குக் கடையில ஓட்டற பவர் மெஷின்தான். ஜீன்ஸ், பை, ரெக்ஸின் மாதிரி கனமான வேலைக்கும் வேணாம். இப்பத்தான் கத்துக்கணும்னு இருக்கறவங்க, வீட்டுல மிதி மெஷின் கிடந்தா அதுக்கு எண்ணெய் விட்டு ஆறு மாசம் அதுல பழகுங்க, கையும் காலும் சேந்து வேகம் பிடிபடும், அப்புறம் வாங்குங்க. இன்னொண்ணு, டப்பாவுக்குள்ள எடுத்து எடுத்து வைக்காதீங்க. பிப்ரவரியில பத்து நாள் பீரோ மேல ஏத்தி வெச்சிருந்தேன், அந்தப் பத்து நாளும் ஒரு தையல் கூடப் போடல. ஜன்னல் பக்கம் ஒரு பழைய மேசையைப் போட்டு அங்கயே நிரந்தரமா வெச்சதுக்கு அப்புறம், சாயங்காலம் டீ போட்டு வர்ற கேப்புல கூட ஒரு ஓரம் அடிச்சிடறேன்.

அந்த ஜன்னலுக்கு ஒரு கஷ்டம் இருக்கு, ஆனி ஆடிக் காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நேரா எங்க வீட்டுக்குள்ளதான் நுழையுது, வெட்டி வெச்ச பேப்பர் எல்லாம் அடுத்த ரூம்ல கிடக்கும். ஆட்டுக்கல் குழவிக்கல் ரெண்டைக் கழுவித் துடைச்சு மேசை மேல பாரமா வெச்சிருக்கேன். ஆனா நனைச்ச லைனிங்கைக் கொடியில போட்டா அரை மணி நேரத்துல காஞ்சிடுது. நாலு டீச்சருங்க பிளவுஸுக்கான பாப்ளினும் இப்ப கொடியிலதான் இருக்கு, சாயங்காலம் எடுத்து இஸ்திரி போட்டுட்டா நாளைக்கு ஞாயித்துக்கிழமை காலைல முதல் பிளவுஸ் வெட்டிடலாம்.